அமானுஷ்யக் காதல் மர்ம நாவல்: மந்திர சக்தியை யாரிடம் கொடுப்பது?

மந்திரம், மர்மம், காதல் மூன்றையும் ஒரே நாவலில் கலக்க உட்காருபவர்கள் கொலையாளி யார், நாயகன் எப்படிப்பட்டவன் என்ற இரண்டு கேள்விகளிலேயே வாரக்கணக்கில் உழல்கிறார்கள். அவற்றுக்கும் முன்னால் முடிவாக வேண்டியது வேறொன்று. மந்திர சக்தி யாரிடம் இருக்கப் போகிறது? நாயகியிடமா, அவள் காதலிக்கப் போகிறவனிடமா, இருவரும் மாட்டிக்கொள்ளும் இடத்திடமா, அல்லது உண்டா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமலே விடுவதா? யார் கண் வழியாகக் கதை நகரும், தடயங்களை எங்கே ஒளிக்கலாம், காதலர்கள் எதற்காகப் பிரிவார்கள், கிளைமாக்ஸில் யார் யாரைக் காப்பாற்றுவார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு தேர்விலிருந்துதான் கிளம்புகின்றன. பாதி எழுதிய பிறகு இதை மாற்றினால் ஒரு அத்தியாயம்கூட அப்படியே தங்காது.

இதில் ஏன் இவ்வளவு சிக்கல்? வாசகர் நான்கு விதமான எதிர்பார்ப்போடு புத்தகத்தைத் திறக்கிறார். மர்மத்தை விரும்புபவருக்கு ஆட்டம் நேர்மையாக இருக்க வேண்டும். விடைக்கான தடயங்கள் தன் கண் முன்னாலேயே கிடந்திருக்க வேண்டும். 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, இரண்டாவது விதியிலேயே அமானுஷ்ய சக்திகளை வெளியே நிறுத்திவிட்டார். ஆறாவது விதியில், துப்பறிபவருக்குக் காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு தோன்றி அது சரியாகவும் அமைந்துவிடக் கூடாது என்றார். நாம் எழுதப்போவது இரண்டாவதைத் தெரிந்தே மீறுகிற நாவல். அதனாலேயே ஆறாவதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காதல் வாசகரின் எதிர்பார்ப்பு இன்னும் வெளிப்படையானது. காதல்தான் கதையின் மையம், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும்: அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் வரையறையில் இருந்த இரண்டு அம்சங்கள் இவைதான். பதற்றத்துக்குத் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் சக இயக்குநர் த்ருஃபோவிடம் சொன்ன உதாரணத்தைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது 15 விநாடி அதிர்ச்சி. தெரிந்தால் 15 நிமிடப் பதைபதைப்பு. மந்திரத்துக்கு அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய விதி கைகொடுக்கும்: மந்திரத்தின் இயக்கம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் அதைக் கொண்டு கதையின் சிக்கலை அவிழ்க்கலாம்.

மர்மம் மறைக்கச் சொல்கிறது, பதற்றம் காட்டச் சொல்கிறது, காதல் மனதைத் திறக்கச் சொல்கிறது, மந்திரம் விளக்கம் கேட்கிறது. சக்தியை யாரிடம் வைத்தால் இந்த நான்கும் ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்கும் என்பதுதான் ஒப்பிட வேண்டிய விஷயம்.

வசதிக்காக ஒரே கதைக் கருவை எடுத்துக்கொண்டு நான்கு விதமாகவும் ஓட்டிப் பார்க்கலாம். மீரா பழைய ஓவியங்களைச் செப்பனிடுபவள். அவளுடைய அக்கா தாரிணி ஓராண்டுக்கு முன் ஆற்றில் மூழ்கி இறந்தாள். விபத்து என்று கோப்பு மூடப்பட்டுவிட்டது. ஒருநாள் ஆதவன் ஓர் ஓவியத்தோடு மீராவின் பணிக்கூடத்துக்கு வருகிறான். தாரிணியைத் தனக்குத் தெரியும் என்கிறான். கரு இவ்வளவுதான்.

சக்தி நாயகியிடம் இருந்தால்

மீரா ஒரு பொருளைத் தொட்டால், அதைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் மிகத் தீவிரமாக உணர்ந்த தருணம் அவளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆபத்து உடனே வந்து நிற்கிறது. கொலையாளி கைபட்ட அக்காவின் சாவியை மூன்றாம் அத்தியாயத்தில் தொட்டால் முகம் தெரிந்துவிடும், நாவல் முடிந்துவிடும். அதற்குப் பயந்து பலர் "இன்றைக்கு ஏனோ சக்தி வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வாசகர் புத்தகத்தை மூடுகிற இடம் அது.

சரியான வழி, சக்தியைப் பிறக்கும்போதே குறுக்கிவிடுவது. எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: எது தூண்டும், எவ்வளவு நேரம் நீடிக்கும், எது ஒருபோதும் தெரியாது, என்ன விலை, எப்போது வேலை செய்யாது. மீராவுக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும். வெறுங்கையால் தொட வேண்டும், கையுறை போட்டால் வராது. பத்து விநாடி நீடிக்கும். பிடித்திருந்தவரின் கண் வழியாகவே காட்சி தெரியும் என்பதால் அவருடைய முகம் ஒருபோதும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவளுடைய சொந்த நினைவில் ஒரு நாள் அழிந்துபோகும். எந்த நாள் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு பொருளிலிருந்து ஒரே ஒருமுறைதான் பார்க்கலாம்.

மூன்றாவது வரி மர்மத்தைக் காப்பாற்றுகிறது. நான்காவது வரி காதலுக்குத் தீனி போடுகிறது. ஐந்தாவது வரி இருப்பதால் "மறுபடி தொட்டுப் பார்த்தால் என்ன?" என்று வாசகர் கேட்க வழியில்லை.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம், காட்சி பொய் சொல்லாமலேயே நாயகியைத் தவறான இடத்துக்கு அனுப்பலாம் என்பதில் இருக்கிறது. அக்காவின் சாவியைத் தொடுகிறாள் மீரா. ஓர் அறை, நடுங்கும் கை, சுவரில் ஒரு கடிகாரம். எண்கள் இல்லை, கோடுகள் மட்டும். முட்கள் 9:15 காட்டுகின்றன. இரவு 9:15க்கு எங்கே இருந்தாய் என்று ஆதவனைச் சுற்றி வளைத்துக் கேட்கிறாள். அவனிடம் பதில் இல்லை. காதலிக்கத் தொடங்கிய ஆளையே சந்தேகிக்க வைத்தது அவளுடைய சொந்தச் சக்தி. இருபது அத்தியாயம் கழித்து அந்த வீட்டுக்குள் முதன்முறையாகப் போகிறவள், சாவி மாட்டும் இடத்துக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி இருப்பதைப் பார்க்கிறாள். கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காட்சியில் தெரிந்தது கண்ணாடியில் விழுந்த பிம்பம். கண்ணாடியில் 9:15 என்று தெரியும் கடிகாரத்தின் உண்மையான நேரம் 2:45. (12 மணியிலிருந்து தெரியும் நேரத்தைக் கழித்தால் கிடைத்துவிடும், பிம்பத்தில் சிறுமுள் ஒன்பதைச் சற்றுத் தாண்டி இருந்தால், உண்மையான கடிகாரத்தில் அது மூன்றைத் தொடச் சற்றுக் குறைவாக இருக்கும்.) 2:45க்கு ஆதவன் இருந்த இடத்துக்குச் சாட்சி உண்டு. அந்த நேரத்துக்கு அலிபி, அதாவது வேறிடத்தில் இருந்ததற்கான சான்று, இல்லாதவர் வேறொருவர்.

இது ஏமாற்று வேலையாகத் தெரியாமல் இருக்க ஒரு முன்னேற்பாடு தேவை. சாவிக்கு முந்தைய காட்சி ஒன்றில், சம்பந்தமே இல்லாத பொருளைத் தொடும்போது மீராவுக்கு எழுத்துகள் இடவலமாகத் திரும்பித் தெரிய வேண்டும். அவள் "ஓ, கண்ணாடி" என்று சாதாரணமாகக் கடந்துபோக வேண்டும். பிம்பம் பிம்பமாகவே தெரியும் என்ற விதி வாசகரின் கையில் அப்போதே வந்துவிட்டது. எண்கள் இல்லாத கடிகாரம் என்பதையும் முதல் முறையே சொல்லிவிட வேண்டும். பின்னால் சேர்த்தால் வாசகரிடமிருந்து தடயத்தை ஒளித்ததாகிவிடும்.

36 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,300 சொல் என்று வைத்தால் சுமார் 82,800 சொற்கள். இதில் மீரா தொட்டுப் பார்க்கும் காட்சிகள் மொத்தம் ஐந்துக்கு மேல் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் தீங்கில்லாத ஒன்று, சக்தி இருப்பதைக் காட்ட. ஐந்தாவதில் அந்தக் கண்ணாடி எழுத்து. ஏழு அல்லது எட்டில் சாவி. பத்தொன்பது வாக்கில், ஆதவனுக்குத் தெரியாமல் அவனுடைய பொருள் ஒன்றைத் தொடுகிறாள். இது மர்மத்தைவிட நம்பிக்கையைப் பற்றிய காட்சி. கடைசி ஒன்று கிளைமாக்ஸுக்குச் சற்று முன். ஒவ்வொரு காட்சியும் 150 முதல் 250 சொல்லுக்குள் நிற்கட்டும். நீளமானால் கனவு வருணனை போலாகி, வாசகர் தாவிப் படிக்கத் தொடங்குவார். தாவிய வரியில்தான் தடயம் இருக்கும்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தின் விலையாக எந்த நாள் அழிய வேண்டும் என்பதில் யோசிக்கவே தேவையில்லை. அவர்கள் முதன்முதலாக நெருங்கிய நாள்தான்.

"அன்னைக்கு மாடிப்படியில நின்னு சொன்னியே, அதுக்கு அப்புறமும் என்னைச் சந்தேகப்படுறியா?"

"எந்த மாடிப்படி?"

ஆதவன் பதில் சொல்லவில்லை. அவள் கையில் தன் பேனா இருப்பதை அப்போதுதான் பார்த்தான்.

இந்த நான்கு வரியில் சக்தியின் விலை, துரோகம், பிரிவு மூன்றும் ஒரே சமயத்தில் நடந்துவிடுகின்றன. மந்திரத்தின் விலையைக் காதலின் கணக்கில் எழுதுவதுதான் இந்த வகை நாவலின் உயிர்நாடி. தலைவலி, மூக்கில் ரத்தம், மயக்கம் என்று உடம்பில் மட்டும் விலையை வைப்பவர்கள் நல்ல வாய்ப்பை வீணாக்குகிறார்கள். இரண்டு பத்தி கழித்து அந்த வலி யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இந்த வழியில் வழக்கமாகக் கெடுவது மூன்று. ஆசிரியர் சிக்கிக்கொள்ளும் இடத்தில் சக்தி புதிதாக வளர்ந்துவிடுவது முதலாவது. இருபதாம் அத்தியாயத்துக்கு மேல் புது விதி எதுவும் வரக்கூடாது. இரண்டாவது, காட்சியையே ஆதாரமாக நினைத்துக்கொள்வது. எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. ஆகவே ஒவ்வொரு காட்சியும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளுக்கோ இடத்துக்கோ அவளை அனுப்ப வேண்டும். குற்றம் நிரூபணமாவது அந்தப் பொருளால். மூன்றாவது, "யாரும் என்னை நம்பவில்லை" என்று நூறு பக்கம் இழுப்பது. ஆதவனுக்கு ஒரே அத்தியாயத்தில் நிரூபித்துவிடுங்கள். அதன் பிறகுதான் சுவாரசியமான கேள்வி வருகிறது: என் பொருளைத் தொட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிய பெண்ணை ஒருவன் எப்படி நேசிப்பான்?

சக்தி காதலனிடம் இருந்தால்

அதிகம் பேர் விரும்புவது இதைத்தான். காரணமும் நியாயமானது. ரகசியம் உள்ள ஆண், அவனை நெருங்க நெருங்க வளரும் அச்சம், அச்சத்தைவிட வேகமாக வளரும் ஈர்ப்பு: காதலும் பதற்றமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. முதல் நூறு பக்கம் தானாகவே ஓடும். மர்மம்தான் இங்கே திணறும்.

ஏனென்றால் கதையில் இப்போது இரண்டு ரகசியங்கள். அவன் யார் என்பது ஒன்று. தாரிணியைக் கொன்றது யார் என்பது மற்றொன்று. முதல் ரகசியத்துக்காக அவன் செய்யும் ஒவ்வொரு மறைப்பும் இரண்டாவதற்குச் சந்தேகமாக விழும். 200 பக்கம் இப்படி ஓட்டிவிட்டு, "அவன் மறைத்தது வேறு, கொலை வேறு" என்று சொன்னால் வாசகருக்குக் கிடைத்தது என்ன? இரண்டு ரகசியங்களும் ஒன்றுக்கொன்று பூட்டும் சாவியுமாக இருந்தால் ஒழிய இந்த வழி நிற்காது.

ஆதவன் முதுமை அடையாதவன் என்று வைப்போம். அவன் கொண்டுவந்த ஓவியம் நூறாண்டு பழையது. வார்னிஷ் மஞ்சளாகிக் கறுத்துப்போய் உருவமே தெரியவில்லை. மீரா வழக்கம்போல ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தில் கரைப்பானைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பஞ்சுக் குச்சியை உருட்டி உருட்டி அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்கிறாள். இந்த வேலையின் வேகம்தான் உங்கள் வெளிப்பாட்டின் வேகம். நான்காம் அத்தியாயத்தில் ஒரு காது. எட்டில் கழுத்துப்பட்டை. பன்னிரண்டில் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. அதே தழும்பை முந்தின இரவு அவள் விரலால் தொட்டிருக்கிறாள். பதினேழில் முழு முகம். ஹிட்ச்காக்கின் குண்டு இங்கே வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. பன்னிரண்டிலேயே வாசகர் ஊகித்துவிடுவார். பரவாயில்லை, ஊகித்த பிறகுதான் பதைபதைப்பு தொடங்குகிறது.

இப்போது பூட்டு. அந்த ஓவியத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஆதவனால் போக முடியாது. தாரிணி இறந்த இடம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. அன்றிரவு ஓவியம் வேறொரு பூட்டிய பணிக்கூடத்தில் இருந்ததற்குப் பதிவேடு இருக்கிறது. அவன் குற்றமற்றவன் என்பதற்கு இதைவிட உறுதியான அலிபி இருக்க முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் தான் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மௌனம் காத்தால் கொலையாளி, பேசினால் மனிதனே அல்ல. இந்த நெருக்கடி அமைந்துவிட்டால் பின்பாதி தன்னை எழுதிக்கொள்ளும். ஒரு படி மேலே போக விரும்பினால், அன்றிரவு யாரோ ஓவியத்தை வெளியே எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று முப்பதாம் அத்தியாயம் வாக்கில் தெரியட்டும். அலிபி உடைகிறது, எடுத்தது யார் என்ற கேள்வி நேராகக் கொலையாளியிடம் கொண்டுபோய் விடுகிறது.

சக்தி காதலனிடம் இருக்கும்போது அதிகார ஏற்றத்தாழ்வை அலட்சியம் செய்யவே கூடாது. நூறாண்டு அனுபவமும் அசாத்திய பலமும் ஒரு பக்கம், முப்பது வயதுப் பெண் மறுபக்கம். மனதை வசியம் செய்யும் சக்தியோ, பிறப்பிலேயே எழுதப்பட்ட பந்தமோ இதன் மேல் சேர்ந்தால், அவள் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லவே முடியாது. தேர்வு இல்லாத இடத்தில் காதல் கதை இல்லை. அதனால் அவனுக்கு இன்றியமையாத ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் அது இயல்பாகவே வருகிறது: ஓவியம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவள் அவள்.

இன்னொரு பொறி, ஆபத்து கரைந்துபோவது. சாகாதவனைத் துப்பாக்கியால் மிரட்டி என்ன பயன்? அவன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாசகர் நம்பிவிட்டால் கிளைமாக்ஸ் வெறும் காத்திருப்பாகிவிடும். அந்த ஒரு கிலோமீட்டர் எல்லை இங்கேயும் உதவுகிறது. கடைசி மோதலை எல்லைக்கு வெளியே வையுங்கள். மீரா தன் தொழில் அறிவாலும் துணிச்சலாலும் தப்பிக்கட்டும்.

கண்ணோட்டத்தைப் பொறுத்தவரை இங்கே சலுகை கிடையாது. ஆதவனின் மனதுக்குள் நுழைந்து எழுதிவிட்டு, அவன் யார் என்பதை மட்டும் அவன் நினைக்கவே இல்லை என்று காட்டினால் அது மோசடி. மீராவின் கண்ணோட்டத்தில் மட்டும் எழுதுங்கள். தன்மையிலோ அவளோடு ஒட்டிய படர்க்கையிலோ இருக்கலாம். அவனுடைய பக்கமும் வேண்டுமென்றால் முழு முகம் தெரிந்த பதினேழாம் அத்தியாயத்துக்குப் பிறகு தொடங்குங்கள். முதல் வகையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆதவனிடம் மறைக்க எதுவும் இல்லாததால் இருவர் கண்ணோட்டத்தையும் மாற்றி மாற்றித் தரலாம். அவனுக்கு அலிபி இல்லாத அந்த 9:15ஐப் பற்றி மட்டும் அவன் உண்மையாகவே எதையும் முக்கியமாக நினைக்காமல் இருக்க வேண்டும்.

சக்தி இடத்திடம் இருந்தால்

பழைய வீடு, மூடிய கிணறு, இரவு 2:45க்குத் தானாகத் திறக்கும் கதவு. பதற்றத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. கதவு கிரீச்சிட்டாலே போதும். பாழடைந்த மாளிகைகளில் அச்சமும் ரகசியமும் சூழ நடக்கும் கோத்திக் நாவல்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இந்த வழியில்தான் நடக்கின்றன. நடைமுறை வசதி ஒன்றும் உண்டு. வீட்டின் விதிகளை இருவரும் சேர்ந்து சோதித்துக் கண்டுபிடிக்கலாம்: கதவுக்கு நூல் கட்டிப் பார்ப்பது, தரையில் மாவு தூவுவது, ஒவ்வோர் இரவும் நேரத்தைக் குறித்துவைப்பது. துப்பறிதல் கண்ணெதிரே நடப்பதால் ஆட்டம் நேர்மையாகவே இருக்கும்.

ஆனால் குற்றவாளி யார்? வீடே கொன்றது என்றால் தண்டிக்க ஆளில்லை, ஊகிக்கவும் எதுவுமில்லை. மனிதன் கொன்றான் என்றால் வீட்டின் மந்திரம் எதற்கு இருக்கிறது என்ற கேள்வி எழும். பலரும் இந்த இடத்தில் இரண்டையும் தளர்வாக ஒட்டவைத்து விட்டுவிடுகிறார்கள். காதலுக்கும் இதே கதி. ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், கைபிடித்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்கும் அவர்களுக்கு இடையே உள்ளதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேறு இருவர் அங்கே மாட்டியிருந்தாலும் கதை அப்படியேதான் இருந்திருக்கும்.

ஒட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் மறைத்த உண்மையைச் சொன்னால்தான் அடுத்த அறை திறக்கும் என்று வீட்டுக்கு விதி வையுங்கள். அறைக்கு அறை மர்மமும் நகரும், நெருக்கமும் கூடும். மூன்றாவது ஒருவர் உள்ளே வந்த பிறகும் கதவு திறக்க மறுத்தால் யார் மறைக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஏழெட்டு அறைகளுக்கு மேல் இந்த உத்தி தாங்காது. 40,000 சொல்லுக்குள் அடங்கும் குறுநாவலுக்கு இது கச்சிதம். அதற்கு மேல் நீட்டினால் உண்மைகளுக்குப் பஞ்சம் வந்து, யாரும் கேட்காத குழந்தைப் பருவ ரகசியங்களை எல்லாம் பாத்திரங்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

உண்டா இல்லையா என்று விடுவது

1970இல் இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொடோரோவ் இந்தத் தயக்கத்தையே ஒரு தனி இலக்கிய வகையாக விளக்கினார்: நடப்பது இயற்கைக்கு உட்பட்டதா அப்பாற்பட்டதா என்று வாசகர் முடிவு செய்ய முடியாமல் நிற்கும் நிலை. சிறுகதையில் அற்புதமாக வரும். காதல் மர்ம நாவலில் வேண்டாம் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. மர்மத்துக்கு விடை வேண்டும், காதலுக்கு நிறைவு வேண்டும். மந்திரத்தை மட்டும் அந்தரத்தில் விட்டால் அந்த இரண்டு விடைகளையும் அது அரித்துவிடும். எல்லாம் மனிதச் சூழ்ச்சியே என்று கடைசியில் விளக்குவதும் பழைய கோத்திக் வழிதான், ஆங்கில நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் அதில் தேர்ந்தவர். ஆனால் அட்டையிலேயே மந்திரம் என்று சொல்லி விற்ற புத்தகத்தில் அதைச் செய்தால் வாசகர் மன்னிக்க மாட்டார்.

எது யாருக்கு?

முதல் நாவல் எழுதுபவருக்கு நாயகியிடம் குறுகிய சக்தி. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. துப்பறிபவளும் அவளே, காதலிப்பவளும் அவளே, விலை கொடுப்பவளும் அவளே. மூன்று சரடும் ஒரே ஆளின் வழியாக ஓடுவதால் காட்சிக்குக் காட்சி எதை விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. உரையாடலிலும் ஈர்ப்பை மெல்ல ஏற்றுவதிலும் கைதேர்ந்தவராக இருந்தால் காதலனிடம் சக்தியைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: அவனுடைய சக்தியின் எல்லையே அவனுடைய அலிபியாகவோ அவன் மீதான குற்றச்சாட்டாகவோ இருக்க வேண்டும். அந்த இணைப்பு ஒரே வாக்கியத்தில் சொல்ல வராவிட்டால் தொடங்காதீர்கள். இடத்தின் சக்தி, சூழலை எழுதுவதில் ஆசை உள்ளவருக்கும் சிறிய நீளத்துக்கும்.

முடிவையும் இப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காதல் வாசகரின் கோபம் அங்கேதான் வெடிக்கும். நாயகியிடம் சக்தி என்றால் கடைசிக் கேள்வி, அவள் இனியும் தொடுவாளா என்பது. சக்தியை முழுவதும் பறித்துவிட்டுச் சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று எழுதுவது, அவளுடைய பாதி ஆளுமையைப் பிடுங்கிக்கொண்டு கல்யாணம் செய்துவைப்பது போல. அழிந்த நாள்களை ஆதவன் அவளுக்குச் சொல்லிச் சொல்லித் திருப்பித் தருவது இன்னும் நல்ல முடிவு. காதலனிடம் சக்தி என்றால் ஆயுள் வித்தியாசத்துக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்: அவன் மனிதனாவதா, அவள் அவனைப்போல ஆவதா, அல்லது இருக்கிற நாள்களை அப்படியே ஏற்பதா. எதைத் தேர்ந்தாலும் அதற்கான வாய்ப்பு கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் காட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று கிடைக்கும் பரிகாரம், மர்மத்தில் கடைசிப் பக்கத்தில் அறிமுகமாகும் கொலையாளியைப் போன்றதே. இடத்தின் சக்திக்கு முடிவு சுலபம். கதவு திறக்கிறது, வெளியே வருகிறார்கள். வெளியே வந்த பிறகும் அந்த இருவருக்கும் பேச விஷயம் இருக்கிறது என்று காட்ட ஓர் அத்தியாயம் கூடுதலாக வையுங்கள்.

ஏற்கெனவே 20,000 சொல் எழுதிவிட்டுத் தவறான வழியில் இருப்பதாகத் தோன்றுபவர்கள் எல்லாவற்றையும் கிழித்துப்போட வேண்டியதில்லை. இடத்திலிருந்து நாயகிக்கு மாற்றுவது எளிது: வீடு காட்டிய காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவள் தொட்டதால் தெரிந்தவையாக ஆக்கினால் போதும். சூழல் வருணனையில் பெரும்பகுதி தப்பிவிடும். காதலனிடமிருந்து நாயகிக்கு மாற்றுவதுதான் கடினம். அவனுடைய மௌனத்துக்கெல்லாம் அமானுஷ்யம்தான் காரணமாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் மனிதக் காரணம் தேட வேண்டும். அவன் மௌனமாக இருக்கும் காட்சிகளை மட்டும் தனித்தாளில் எழுதி, பக்கத்தில் புதுக் காரணத்தைக் குறியுங்கள். பாதிக்கு மேல் காரணம் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் சக்தி அவனிடமே இருக்கட்டும். எல்லையைக் குறுக்கி, அதை அலிபியோடு பூட்டுங்கள்.